மேலே நன்னீர் கிடப்பது உங்கள் மாடலுக்குத் தெரியுமா?

கேள்வி: புதுச்சேரியில் முதுகலை படிக்கிறேன். கடலூருக்குக் கிழக்கே 100 கி.மீ. தொலைவில் ஓர் இடத்தை எடுத்து, கே-எப்சிலான் முறையில் (கொந்தளிப்பைக் கணக்கிடும் ஒரு முறை) ஒற்றைத் தூண் மாடல் ஓட்டுகிறேன், அதாவது அந்த ஓர் இடத்து நீரை மேலிருந்து கீழாக மட்டும் கணக்கிடும் கணினி மாடல். நவம்பரில் கலவை அடுக்கு (காற்று கிளறி ஒரே சீராக்கிய மேல்நீர்) 55 மீட்டர் வருகிறது. கடலுக்குள் இறங்கி ஏறி வெப்பநிலையையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவையில் 18 மீட்டர்தான். நீர் எவ்வளவு வேகமாகக் கலக்கிறது என்று மாடலுக்குச் சொல்லும் கலவைக் குணகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கலாமா?

பதில்: குறைத்தால் நவம்பர் பொருந்திவிடும். அப்புறம் அதே மாடலை வேறொரு மாதத்துக்கு ஓட்டினால், கலவை போதாமல் மேல்நீர் அநியாயத்துக்குச் சூடேறிக் கிடக்கும். குணகத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

முதலில், இரண்டு ஆழங்களையும் ஒரே அளவுகோலால்தான் எடுத்தீர்களா? ஒன்றை வெப்பநிலையை வைத்தும் மற்றதை அடர்த்தியை வைத்தும் எடுத்திருந்தால், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். வங்கக் கடலில் மழைக்காலத்துக்குப் பிறகு 50 மீட்டர் வரை வெப்பநிலை ஒன்றாகவே இருக்கும், ஆனால் உப்பு 15, 20 மீட்டரிலேயே சட்டென்று ஏறிவிடும். இந்த இரண்டு ஆழங்களுக்கும் நடுவில் இருப்பதைத்தான் தடை அடுக்கு என்கிறோம்.

அளவுகோல் ஒன்றுதான் என்றால், என் சந்தேகம் உப்பின் மேல். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ஆழ இடைவெளியில் உப்புத்தன்மை 2 அலகு கூடினால், அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 1.5 கிலோ கூடும். வெப்பநிலையால் மட்டும் அதே வித்தியாசம் வர வேண்டுமென்றால் நீர் 4 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். ரிச்சர்ட்சன் எண் (அடர்த்தி வித்தியாசத்தின் தடையை நீரோட்ட வேக மாற்றத்தோடு ஒப்பிடும் எண்) 0.25-க்குக் கீழே இறங்கினால்தான் அந்த அடுக்கு கொந்தளித்து உடையும். அதற்கு அந்த 10 மீட்டருக்குள் நீரோட்ட வேகம் வினாடிக்குச் சுமார் 0.76 மீட்டர் மாற வேண்டும். சாதாரண வாடைக்காற்றுக்கு அது ஆகாத காரியம். 2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்த தானே புயல் மாதிரி ஒன்று வந்தால் வேறு கதை.

இந்த உப்புச்சரிவு மாடலில் இல்லையென்றால் காற்று தடையில்லாமல் 55 மீட்டர் வரை கிளறிவிடும். மழையைக் கொடுத்திருப்பீர்கள், சரி. ஆனால் நன்னீர் மழையில் மட்டுமா வருகிறது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி, கங்கை, பிரம்மபுத்திராவின் நன்னீரைக் கடலூர் வரை இழுத்து வருகிறது. பக்கவாட்டில் வரும் எதையும் ஒற்றைத் தூண் மாடலால் பார்க்க முடியாது. அதனால் ஆர்கோவின் உப்புத்தன்மையையே தொடக்க நிலையாகக் கொடுங்கள். மாடல் ஓடும்போதும் அதன் உப்பை 10 நாள் கால அளவில் ஆர்கோ அளவை நோக்கி மெல்ல இழுங்கள். வெப்பநிலையை இழுக்க வேண்டாம், அப்புறம் எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாது.

மாடல் நீரைப் பிரித்துக் கணக்கிடும் அடுக்குகளின் தடிமனையும் பாருங்கள். 10 மீட்டர் அடுக்கு வைத்தால் நான் சொன்ன உப்புச்சரிவு ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோகும். மேல் 40 மீட்டருக்கு 1 மீட்டர் வையுங்கள்.

மாடலுக்குக் கொடுத்த காற்று நாள் சராசரியா? கலக்கும் ஆற்றல் காற்று வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. அரை நாள் 10, அரை நாள் 2 மீட்டர் வேகம் என்றால் சராசரி 6, அதன் மும்மடி 216. உண்மையில் வரவேண்டியதோ 504. மணிக்கணக்குத் தரவுக்கு மாறினால் உங்கள் அடுக்கு இன்னும் ஆழமாகும், மாடல் மோசமானது போலத் தெரியும். தெரியட்டும், ஒரு பிழையை இன்னொரு பிழை மூடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

பின்புலக் குணகம் (காற்றின் கிளறல் எட்டாத இடத்திலும் மாடல் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கலவைக் குணகம்) வினாடிக்கு 0.00001 சதுர மீட்டரை ஒட்டி இருந்தால் அப்படியே விடுங்கள். பின்னால் தாழங்குடா பக்கம், தென்பெண்ணை முகத்துவாரத்துக்கு அருகே ஓட்டுவதாக இருந்தால் மட்டும் ஒளி ஊடுருவலை மாற்றுங்கள். வெள்ளத்துக்குப் பிந்தைய செம்மண் நீரில் வெயிலெல்லாம் மேலேயே தங்கிவிடும். கடல்நீரை அதன் தெளிவை வைத்து வகை பிரித்த ஜெர்லோவின் திறந்தகடல் வகை அங்கே எடுபடாது, அவருடைய கரையோர வகை ஒன்றை எடுங்கள்.