கோணேசர் கோயில் குரங்குகளுக்குப் பை திறக்க யார் சொல்லிக் கொடுத்தது?

திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஒரு குரங்கு உங்கள் கைப்பையின் ஸிப்பை இழுத்துத் திறந்து கச்சானை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது கருவிப் பயன்பாடா என்பதுதான் கேள்வி.

இல்லை. வெறுங்கையால் திறப்பது கருவிப் பயன்பாடு ஆகாது. வேறொரு பொருளைப் பிடித்து அதைக்கொண்டு வேலையை முடிக்க வேண்டும். 1960இல் தான்சானியாவின் கொம்பேயில் விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் கண்டது அதைத்தான்: ஒரு சிம்பன்சி புல்தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு, மெல்ல இழுத்து, ஒட்டி வந்த கறையானை உதட்டால் வழித்துத் தின்றது. குச்சியின் இலைகளை உருவி ஏற்றபடி ஆக்கிக்கொள்வதும் உண்டு. கோயிலில் பார்க்கும் நம் செங்குரங்கின் இனத்தாரும் சளைத்தவர்கள் அல்ல. தாய்லாந்துக் கரையோரத்தில் நீள்வால் குரங்குகள் கல்லால் சிப்பியை உடைத்துத் தின்கின்றன.

ஆனால் ஸிப் விஷயம் கற்றல்தான். யாரும் வகுப்பு எடுப்பதில்லை. ஒன்று செய்வதை மற்றது பக்கத்தில் இருந்து பார்க்கும், தானும் நோண்டிப் பார்க்கும், ஒருதரம் கச்சான் கிடைத்தால் போதும். ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் இமோ என்ற குட்டிப் பெண்குரங்கு வற்றாளங்கிழங்கை மண் போகத் தண்ணீரில் கழுவியது. கூட விளையாடிய குட்டிகள் பழகின, தாயும் பழகியது. வயது போன ஆண்குரங்குகள் பெரும்பாலும் மண்ணோடேயே தின்றன (எங்கள் வீட்டுப் பெரியவர்களும் கைபேசியும் போல).

அப்புறம், குரங்குக்குக் கையால் தீனி நீட்டாதீர்கள். அந்தப் பாடத்தை நடத்துவது நாம்தான்.