பெயரோடு அனுப்புங்கள்

கேள்வி: என் தோழி ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைப் பற்றி வலைப்பூவில் அழகாக எழுதுகிறாள். பத்துப் பேர்கூடப் படிப்பதில்லை. நான் எப்படி உதவலாம்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில், அவர் எழுதியதை வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்டாதீர்கள், இரண்டு கை மாறுவதற்குள் பெயர் காணாமல் போய்விடும். சுட்டியை அனுப்புங்கள், கூடவே உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு வரியையும். 'நல்ல பதிவு' என்றால் யாரும் தொடமாட்டார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அதனடியில் சிவந்த பழமாகப் பார்த்துப் பார்த்துப் பறிக்கும் பெண்களைப் பற்றிய வரியைப் போட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் தூங்கியே கடந்தவர்கள்கூடப் படிப்பார்கள். 'அருமை' என்று பின்னூட்டம் போடுவதைவிட ஒரு கேள்வி கேளுங்கள், அவருக்கு அடுத்த பதிவுக்கு விஷயம் கிடைக்கும். அப்புறம், வலைச்சரம் என்ற வலைப்பூவில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியராக இருந்து மற்றவர்களை அறிமுகம் செய்தார்கள். எவ்வளவு பெரிய மனசு அது! நீங்களும் எழுதுபவர் என்றால் மாதம் ஒருமுறை உங்கள் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். சரி, அந்தச் சுட்டியை எனக்கும் அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.