உரிமம் இல்லாமல் மது கொண்டுபோன வழக்கில் தண்டனை: மேல்முறையீடு செய்யலாமா?

"மது பாட்டில் கடத்தினார் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அண்ணனுக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள், இனி என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மேல்முறையீடு செய்யலாம். 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மனு போட வேண்டும். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மேல்முறையீடு போட்டதும் தண்டனை தானாக நின்றுவிடாது. அதை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். தண்டனை 3 ஆண்டுக்குள் இருந்து, அவர் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், தண்டித்த கோர்ட்டிலேயே அதைக் கேட்கலாம்.

அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்று முதலில் பாருங்கள். "அபராதம் கட்டிட்டுப் போயிடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி ஒப்புக்கொள்பவர்கள் நிறைய. அப்புறம் தண்டனையின் அளவையும் சட்டப்படி அது செல்லுமா என்பதையும் தவிர வேறு எதையும் மேல்முறையீட்டில் எதிர்க்க முடியாது.

ஒப்புக்கொள்ளவில்லையா? சரி, மகஜரையும் (பாட்டில்களைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் போலீஸ் எழுதிய பதிவு) ரசாயனப் பரிசோதனை அறிக்கையையும் வரிவரியாகப் படியுங்கள். மாதிரி எடுத்த தேதி, முத்திரை, ஆய்வகத்துக்குப் போன தேதி எல்லாம் பொருந்துகின்றனவா? சாட்சிகள் போலீஸார் மட்டும்தானா? பை அவருடையது என்பதற்கு என்ன ஆதாரம்? வழக்கு பெரும்பாலும் இங்கேதான் ஆட்டம் காணும்.

சிறையில் இருப்பவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள்.