கேம் வழியே நிரலாக்கம்: பினாங்கிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஜெலுத்தோங், நான்காம் படிவம்): அண்ணே, பைகேமில் (பைத்தான் மொழியில் கேம் எழுத உதவுற தொகுப்பு) என் பொம்மை இடப்பக்கம் போகுது, வலப்பக்கம் அசையவே மாட்டேங்குது. ரெண்டுக்கும் வேகம் விநாடிக்கு 50 பிக்சல்தான்.

பதில்: தம்பி, பொம்மை நிற்கிற இடத்தை நேரா ரெக்ட்டிலேயே (அதன் இடத்தையும் அளவையும் வச்சுக்கிற செவ்வகம்) வச்சுக் கூட்டுறீங்க. ரெக்ட் முழு எண்ணை மட்டும்தான் வச்சுக்கும், தசமத்தை வெட்டிடும். விநாடிக்கு 60 ஃபிரேம்னா, அதாவது திரையை 60 முறை வரைஞ்சா, ஒரு ஃபிரேமுக்கு 0.83 பிக்சல். 100-இலிருந்து வலப்பக்கம் போனா 100.83, வெட்டினா திரும்பவும் 100. இடப்பக்கம் போனா 99.17, வெட்டினா 99. ஆக இடப்பக்கமும் தப்புதான், விநாடிக்கு 60 பிக்சல் ஓடுது. அந்த இடத்தைத் தனி மாறியில் தசமத்தோட வச்சுக் கணக்குப் போடுங்க. வரையுறதுக்கு முன்னால மட்டும் ரவுண்ட் பண்ணி ரெக்ட்டுக்குக் கொடுங்க. இதை ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்க. முழு எண்ணுக்கும் தசமத்துக்கும் உள்ள வித்தியாசம் பாடப்புத்தகத்தை விட இதில் நல்லாப் பிடிபடும்.

கேள்வி (பட்டர்வொர்த், ஒரு தாயார்): மகனுக்கு 13 வயசு. பைத்தான் ஓரளவு தெரியும். எந்த கேமைப் பிரிச்சுப் பார்க்கச் சொல்லலாம் சார்?

பதில்: 1980-இல் வந்த பாக்-மேன், அம்மா. சந்துகளில் புள்ளிகளைத் தின்னுக்கிட்டு ஓடுறவனைப் பேய்கள் துரத்துற கேம். அதில் பேய்கள் துரத்துற விதி ரொம்பச் சின்னது. சிவப்புப் பேய்க்குக் குறி பாக்-மேன் நிற்கிற கட்டம். இளஞ்சிவப்புப் பேய்க்குக் குறி அவன் முகம் பார்க்கிற திசையில் நாலு கட்டம் முன்னால. சந்தி வந்தா, குறிக்கு நேர்கோட்டில் எந்தப் பக்கத்துக் கட்டம் கிட்டக்க இருக்கோ அங்கே திரும்பும். வந்த வழியே திரும்பாது. இந்த ரெண்டு விதியிலேயே பேய்கள் கூடிப் பேசி வளைக்கிற மாதிரி தெரியும்! முதல்ல பட்டியலுக்குள் பட்டியலா ஒரு சுவர் வரைபடம், அப்புறம் சிவப்புப் பேய் மட்டும். புள்ளி, பழம், சத்தமெல்லாம் இப்போ வேண்டாம்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பாக்-மேன் கேம் 256-ஆம் நிலையில் (லெவல்) பாதித் திரை குழம்புதே, ஏன்?

பதில்: நிலை எண் 8 பிட், 255-க்கு மேல் போனா 0 ஆகிடும். திரைக்குக் கீழே பழம் வரையுற பகுதி அந்த 0-வை வாங்கும். அது ஒண்ணைக் கழிச்ச பிறகுதான் 0 ஆச்சான்னு பார்க்கும், அதனால 256 முறை சுத்தி வரையும். அதுதான் வலது பாதியை அழிக்குது.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): வேகம் கூட்டினா பந்து சுவரைத் தாண்டிப் போயிடுது.

பதில்: விநாடிக்கு 1200 பிக்சல்னா ஒரு ஃபிரேமுக்கு 20 பிக்சல் தாவும். சுவர் 10, பந்து 8, கூட்டினா 18 தான். சில நேரம் தொடாமலே தாண்டிடும். அந்த 20-ஐ நாலு தாவலாப் பிரிச்சு, ஒவ்வொரு 5 பிக்சலுக்கும் மோதலைச் சோதிங்க.