நாலு மணி அலாரமும் புது ராகுகாலமும்

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணம் பக்கத்துல எங்க ஊரு. ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷமாச்சு, தினம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணிடுவேன். இப்ப மாங்கா சீசன், மாங்கூழ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், மூணு வாரமா முடியல. போன வாரம் பையனுக்கு காய்ச்சல். ஜெபத்தை விட்டதாலதான்னு மனசு அடிச்சுக்குது. விடுதலை விடுதலைன்னு பாடுறோம், எனக்கு மட்டும் ஏன் வரல?

பதில்: ஏம்மா, ராகுகாலம் பாக்குறதை எப்ப விட்டீங்க? ஆறு வருஷம் முன்னாடியே விட்டிருப்பீங்க. ஆனா இப்ப நாலு மணின்னு புதுசா ஒரு ராகுகாலத்தை நீங்களே வச்சுக்கிட்டீங்க, தப்புனா தோஷம், புள்ளைக்கு காய்ச்சல். பைபிள்ல கலாத்தியர் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் கோவமா எழுதுன கடிதத்துல சொன்னது இதைத்தான், நாள் பாக்குறீங்க மாசம் பாக்குறீங்க, உங்களுக்காக நான் பட்டதெல்லாம் வீணோன்னு பயமா இருக்குங்கிறார் (4:10, 11). அவங்களும் கிறிஸ்துவை விட்டு ஓடிப்போன ஆளுங்க இல்ல, அவரோட கூட இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம்னு நெனச்சவங்கதான்.

ஜெர்மனில மார்ட்டின் லூத்தர், பின்னால புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி தெறந்தவர், 1505ல மடத்துல சேந்தவர், பாவசங்கீர்த்தனம் பண்ண, அதாவது செஞ்ச பாவத்தையெல்லாம் சாமியார்கிட்ட சொல்ல உக்காந்தா சில நாள் ஆறு மணி நேரம் ஆகுமாம், கேக்குற சாமியாருக்கே சலிச்சுப் போயிருக்கு, அப்பவும் எழுந்து வந்தா இன்னொன்னு ஞாபகம் வரும். கணக்கு எழுதி முடிச்சு விடுதலை வாங்குறேன்னு உக்காந்தா அந்த நோட்டு தீராது. பவுல் ரோமருக்கு எழுதுன நிருபத்தை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுனப்பதான், நீதிங்கிறது, அதாவது தேவன் முன்னாடி குத்தமில்லாம நிக்கிறது, கட்டுற கடன் இல்ல, விசுவாசத்தால சும்மா கெடைக்கிறதுன்னு அவருக்கு உறைச்சுது.

காய்ச்சல் விஷயத்துக்கு யோவான் 9 படிங்க. பிறவிக் குருடனைக் காட்டி யார் பண்ண பாவம்னு சீஷர்களே கேக்குறாங்க, இவனும் இல்ல, பெத்தவங்களும் இல்லன்னு ஒரே வரில முடிச்சுட்டார் இயேசு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

விடிகாலைல ஷிஃப்ட் முடிஞ்சு, மாம்பால் பட்டு எரியுற கையோட வேன்ல தூங்கி விழுறப்ப "அப்பா"ன்னு ஒரு வார்த்தை வந்தா அது ஜெபம் இல்லையா? ரோமர் 8:15ல இருக்கிறதும் அந்த வார்த்தைதான். அலாரம் வேணாம்னு சொல்லல, சீசன் முடிஞ்சதும் வைங்க, பயத்துல இல்லாம ஆசைல எழுந்திருங்க. ஆமா, பையனை டாக்டர்கிட்ட காட்டுனீங்களா இல்லையா, அதை எழுதவே இல்லையே?

கேள்வி: விடுதலைன்னா சபைக்கு போகாமலே இருக்கலாமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: தம்பி, செத்து கல்லறைல கெடந்த லாசருவை இயேசு கூப்பிட்டு, அவன் உயிரோட வெளிய வந்தப்பவும் கையும் காலும் துணியில கட்டித்தான் இருந்துச்சு. உயிர் குடுத்தவருக்கு அந்தக் கட்டை அவுக்கத் தெரியாதா? பக்கத்துல நின்ன சனத்தைப் பாத்து நீங்க அவுத்து விடுங்கன்னார். உங்க கட்டை நீங்களே அவுத்துப்பீங்கன்னா போகாதீங்க.