மருமகளின் பயத்தை நம்புங்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருக்கிறான். மருமகள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். ஒரு வாரமாகத் தலைவலி விடவில்லை, காலும் முகமும் வீங்கியிருக்கிறது. மருத்துவமனைக்குப் போன் செய்தால், ‘கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம், ஓய்வெடுங்கள்’ என்றார்களாம். ‘எங்கள் பெண்கள்தான் பிரசவத்தில் அதிகம் சாகிறார்கள்’ என்று வீடியோ காலில் அழுகிறாள். அமெரிக்காவிலா இப்படி? அவர்கள் உடல்வாகே அப்படியா? பிரசவத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். நான் என்ன செய்யலாம் டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ‘இன்றைக்கே பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று தகவல் அனுப்பிவிட்டேன். மற்றதை இங்கே விரிவாகச் சொல்கிறேன், இதே நிலையில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கக்கூடும்.

இருபது வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கு விடாத தலைவலியும் முக வீக்கமும் சேர்ந்து வந்தால், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்காமல் ‘சகஜம்’ என்று சொல்லவே கூடாது. ப்ரீஎக்ளாம்ப்சியா என்கிற கர்ப்பகால ரத்த அழுத்த நோயாக இருக்கலாம். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160/110 தொட்டுவிட்டால் அவசர நிலை. பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்தும் குறையவில்லை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் கசிவும் வரலாம்.

உங்கள் மருமகள் சொன்னது உண்மை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர், கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். மூன்று மடங்குக்கும் மேல். இந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த குழுக்கள், ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று முடிவு சொல்லியிருக்கின்றன.

உடல்வாகா என்று கேட்டீர்கள். நானும் மாணவனாக இருந்தபோது பாடப்புத்தகத்தில் ‘இனம்’ என்பதை ஒரு ஆபத்துக் காரணியாகவே படித்தேன். ஆனால் 1997இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். இல்லினாய் மாநிலத்தில் பிறந்த குழந்தைகளின் எடையை ஒப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்கா வந்த பெண்களின் குழந்தைகள் சராசரி 3,333 கிராம், வெள்ளையினப் பெண்களின் குழந்தைகள் 3,446 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்களின் குழந்தைகளோ 3,089 கிராம்தான். கோளாறு ரத்தத்தில் இருந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவர்களுக்கல்லவா எடை இன்னும் குறைந்திருக்க வேண்டும்? அந்த நாட்டில் கறுப்பினப் பெண்ணாக வாழ்வதே உடம்பைத் தேய்க்கிறது என்று ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறார். இந்த ஆய்வு முடிவு அதற்கு ஒத்துப்போகிறது.

படிப்பும் வசதியும் காப்பாற்றும் என்று நினைக்கத் தோன்றும். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2016இல் வெளியிட்ட அறிக்கையில், பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களுக்கு வந்த கடுமையான பிரசவச் சிக்கல்கள், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுக்கு வந்ததைவிட அதிகம். உங்கள் மருமகளின் ஊரிலேயே வாழ்ந்தவர் ஷலோன் இர்விங். அதே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோயியல் ஆய்வாளர். 2017 ஜனவரியில் குழந்தை பிறந்தபின் ரத்த அழுத்தம், கால் வீக்கம் என்று திரும்பத் திரும்ப மருத்துவர்களிடம் போனார். கடைசியாகப் போன அன்று மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவே மயங்கி விழுந்தார், சில நாளில் இறந்தார். குழந்தைக்கு வயது மூன்று வாரம். அந்த ஊர்ப் பெண்கள் அவர் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். உங்கள் மருமகள் அழுவதற்கு இப்படிக் கண்ணெதிரே காரணம் இருக்கிறது.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2017இல் சிசேரியன் ஆன மறுநாள் மூச்சுத் திணறியது. முன்பே நுரையீரலில் ரத்தம் உறைந்தவர் என்பதால் என்ன நடக்கிறது என்று அவருக்கே புரிந்தது. சி.டி. ஸ்கேனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தும் வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள், பிறகுதான் சி.டி. எடுத்தார்கள். நுரையீரலில் ரத்தக் கட்டிகள் இருந்தன.

சொன்னதை ஏன் நம்புவதில்லை? 1840களில் அலபாமாவில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்கா, பெட்ஸி, லூசி போன்ற அடிமைப் பெண்களுக்கு மயக்கமருந்து இல்லாமல் மீண்டும் மீண்டும் அறுவை செய்துதான் பெண் நோயியலில் பெயர் வாங்கினார். நியூயார்க்கில் இருந்த அவர் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். கறுப்பினத்தவர்க்கு வலி குறைவு என்ற எண்ணம் மட்டும் அகலவில்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், ‘கறுப்பினத்தவரின் தோல் தடிப்பு’ என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது, கேட்கப்பட்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் பாதிப்பேர் நம்பினார்கள். எழுதும்போதே கை கூசுகிறது.

இனி உங்கள் பங்கு. நல்ல பிரஷர் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும், கைப்பட்டை அவர் கைக்குப் பொருந்தும் அளவில். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். போனில் ‘தலைவலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். ‘முப்பது வாரம், பிரஷர் 152/96, ஆறு மணி நேரமாகத் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது, ப்ரீஎக்ளாம்ப்சியா இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று உங்கள் மகன் கேட்கட்டும். பார்க்க மறுத்தால், ‘மறுத்ததாகக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்’ என்று சொல்லட்டும். அதற்கும் மசியவில்லையென்றால் நேரே பிரசவ அவசரப் பிரிவுக்குப் போகட்டும். கட்டுப்படியானால் ‘டூலா’ எனப்படும் பிரசவத் துணைப் பெண் ஒருவரை அமர்த்துங்கள், அறையில் கூடவே நின்று பேச ஒரு குரல் கிடைக்கும்.

வீட்டிலும் ‘சகஜம்’ என்ற பேச்சு வரக் கூடாது அம்மா. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் எது சொன்னாலும் ‘பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று சுக்குப் பற்றுப் போடுகிறோம். பத்தியச் சாப்பாடு போடுங்கள், தப்பில்லை. தண்ணீரைக் குறைக்காதீர்கள், படுக்கையிலேயே போட்டுவைக்காதீர்கள். இரண்டும் காலில் ரத்தம் உறைய வழிசெய்யும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டினால், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளலாம் போலிருக்கிறது என்று சொன்னால் உடனே கிளம்புங்கள்.

இன்னொன்று. கருத்த தோலில் தையல் போட்ட இடம் ‘சிவந்திருக்கிறதா’ என்று தேடினால் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடும் இறுக்கமும் தெரியும். வெளுப்பைக் கீழிமையின் உட்புறத்திலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருத்த தோலில் சில நேரம் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டும். எண் நன்றாக இருந்து மூச்சு திணறினால் திணறலை நம்புங்கள்.

ஒரு மாதம் போதாது. கர்ப்பம் சார்ந்த மரணங்களில் பாதிக்கு மேல் பிரசவமாகி ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நடக்கின்றன. ரத்த அழுத்தம் பிறந்தபின்பும் ஆறு வாரம் வரை ஏறலாம். மருமகளுக்கு இப்போது அழுத்தம் இருப்பது உறுதியானால், பிரசவமான மூன்று நாளுக்குள்ளும், பிறகு பத்து நாளுக்குள்ளும் பார்க்கத் தேதி இப்போதே வாங்கச் சொல்லுங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே போய், குறைந்தது எட்டு வாரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியும் ஃப்ளூ ஊசியும் குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே சேலத்தில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.