முறிந்த மான் கொம்பு: ஒட்டுவதா, அப்படியே விடுவதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தாத்தா காலத்தில் பாடம் செய்த (கெடாமல் பதப்படுத்திய) புள்ளிமான் தலை ஒன்று ஹாலில் மாட்டியிருந்தது. பெயின்ட் அடிக்கும்போது விழுந்து, இடது கொம்பில் ஒரு கிளை முறிந்துவிட்டது. துண்டு பத்திரமாக இருக்கிறது. வலது கொம்பின் நுனியும் மொட்டை, அது எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் இரண்டையும் சரிசெய்ய 6,000 ரூபாய் கேட்கிறார். இல்லாவிட்டால் தலையைத் தானே வாங்கிக்கொள்கிறாராம். என்ன செய்யலாம்?

பதில்: விற்கிற பேச்சே வேண்டாம். வனத்துறை தந்த உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு விற்பனையைத் தடுக்கிறது. பாடம் செய்யும் தொழிலுக்கும் 44-ஆம் பிரிவின்படி உரிமம் தேவை. கடைக்காரரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள், மழுப்பினால் தலையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்து பீரோவைத் திறந்து சான்றிதழைத் தேடுங்கள். வாரிசாக வந்த பொருளை 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்ததென்றால் 30 நாளுக்குள் அதையும் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். கணக்கில் வராதவற்றைத் தெரிவிக்க 2003-இல் கொடுத்த 180 நாள் அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. காகிதம் எதுவுமே இல்லையென்றால் கொம்பைத் தொடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்புறம் மல்லேஸ்வரத்திலுள்ள வனத்துறைத் தலைமை அலுவலகமான அரண்ய பவனுக்குப் போங்கள்.

காகிதம் சரியாக இருந்தால், மொட்டை நுனியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். புது முறிவு வெள்ளையாக, விளிம்பு கூராக இருக்கும். முனை மழுங்கி, மற்ற இடங்களைப் போலவே பழுப்பேறி வழவழவென்று இருந்தால், அந்த மான் உயிரோடு இருந்தபோதே சண்டையிலோ மரத்தில் உரசியோ உடைத்துக்கொண்டது. அதில் கை வைக்காதீர்கள். கடைக்காரர் கேட்கும் காசில் பாதி தேவையே இல்லாத வேலைக்குத்தான்.

முறிந்த கிளையை ஒட்டலாம், வீட்டிலேயே முடியும். மாட்டுக் கொம்பு நகத்தின் இனம்; மான் கொம்பு அப்படியல்ல, எலும்பு. வெளியே கெட்டி, உள்ளே பஞ்சுபோல் துளைகள். வெறும் பசை மட்டும் போட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் துடைப்பம் பட்டாலே எலும்புச் சில்லோடு பெயர்ந்து வரும். நடுவில் பித்தளைக் கம்பி வேண்டும்: 3 மி.மீ. தடிமன், மெல்லிய கிளைக்கு 2 மி.மீ.

கொம்புப் பக்கம் 20 மி.மீ. ஆழத்துக்கு டிரில் போடுங்கள். ஓட்டை வாயைச் சுற்றி மையைத் தொட்டு வைத்து, துண்டைச் சரியாகப் பொருத்தி அழுத்தினால் மறுபக்கத்துக்கு அடையாளம் விழும். துண்டில் போடும் ஓட்டை அரை மி.மீ. பெரிதாக இருக்கட்டும், கோணம் கொஞ்சம் பிசகினாலும் திருத்திக்கொள்ளலாம். கம்பியை அரத்தால் சொரசொரப்பாக்கி, சாதாரண அரால்டைட்டின் இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு கலந்து, ஓட்டைக்குள்ளும் முறிவு முகத்திலும் மெல்லிசாகத் தடவுங்கள். பிதுங்கியதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் உடனே துடைத்து, மாஸ்கிங் டேப் சுற்றி 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ஃபெவிக்விக் கூடாது: நேராக்குவதற்குள் பிடித்துக்கொள்ளும், பிறகு அதிர்ச்சி தாங்காது.

இணைப்பை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. பழுப்பு நிறம் மேல்தோலில் மட்டும்தான்; தேய்த்த இடம் வெள்ளை வளையமாகப் பல்லிளிக்கும். இடைவெளி தெரிந்தால் எம்-சீலைச் சிட்டிகையளவு வைத்து, ஈர விரலால் வரிகளை இழுத்துவிட்டு, காய்ந்ததும் பழுப்பு அக்ரிலிக் பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு மூன்று முறை பூசுங்கள். வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் போலாகிவிடும். வனத்துறை அடையாளக் குறி எங்காவது இருந்தால் அதன்மேல் எதுவும் படக்கூடாது. அதை அழிப்பது குற்றம்.

துளையிடும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அந்தக் காலத்தில் பாடம் செய்த தலைகளில் தோலின் உட்புறம் ஆர்சனிக் சோப்பு பூசும் வழக்கம் இருந்தது, அந்தத் தூசு கொம்பிலும் படிந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

துண்டே காணாமல் போயிருந்தால் கம்பிமேல் எம்-சீலால் உருவாக்கலாம். வேறு மான் கொம்பு வாங்கி வெட்டி ஒட்டுவது சட்டப்படி சிக்கல். வீட்டில் வைத்திருக்கவே விருப்பமில்லையென்றால், சான்றிதழ் உள்ளவர்கள் 7 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வனத்துறையிடம் ஒப்படைக்க 42ஏ பிரிவில் வழியுண்டு. பணம் கிடைக்காது.

மறுபடி மாட்டும் முன் பின்பலகையின் கொக்கியையும் கொம்பு அடிப்பாகத்தின் ஸ்க்ரூவையும் ஆட்டிப் பாருங்கள். கொம்பு அடியோடு ஆடினால் கோளாறு பலகையில். அதற்கு அரால்டைட் ஊற்றிப் பயனில்லை, ஸ்க்ரூவை மாற்ற வேண்டும்.